சூட்டில் ஒரு பிஹெச், ஆறினால் இன்னொன்று: எதை நம்புவது?

எனக்கு வந்த கேள்வியில் மூன்று சிக்கல்கள் கலந்து கிடக்கின்றன, முதலில் பிரித்துக்கொள்கிறேன். 88 டிகிரியில் ஓடும் எலக்ட்ரோலெஸ் நிக்கல் தொட்டி, அதாவது மின்சாரம் இல்லாமல் ரசாயன வினையாலேயே நிக்கல் பூசும் தொட்டி. பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) மீட்டரின் உணர்முனையான எலக்ட்ரோடைத் தொட்டிக்குள்ளேயே இறக்கினால் மீட்டர் 4.6 காட்டுகிறது, அதே கரைசலை பீக்கரில் எடுத்து ஆறவைத்தால் 4.8. மீட்டரில் வெப்பநிலை ஈடு செய்யும் வசதி இருக்கிறதே, பிறகு ஏன் இந்த வித்தியாசம், எது உண்மை என்பது முதலாவது. எலக்ட்ரோடு மூன்று வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை என்பது இரண்டாவது. பக்கத்துக் கந்தக அமில பிக்ளிங் தொட்டியில் (இரும்பின் துருவை அமிலத்தில் கரைத்து நீக்கும் தொட்டி), அது 70 டிகிரி, மீட்டர் எப்போது பார்த்தாலும் 0.2, 0.3 என்றே நிற்கிறது, ஆனால் துரு போக எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் கூடுகிறது என்பது மூன்றாவது.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: 4.6, 4.8 இரண்டுமே சரியாக இருக்கலாம், உங்கள் பாத்தின் (தொட்டிக் கரைசலின்) குறிப்பேடு எந்த வெப்பநிலையில் அளக்கச் சொல்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஆறவைத்த மாதிரியாகத்தான் இருக்கும். அப்படியென்றால் எலக்ட்ரோடைச் சூட்டில் இறக்கவே வேண்டாம், இரண்டாவது சிக்கலும் அத்தோடு போய்விடும். பிக்ளிங் தொட்டியிலிருந்து பிஹெச் மீட்டரை எடுத்துவிட்டு ஒரு பியூரெட் (சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) வாங்குங்கள். காரணங்களையும் தெரிந்துகொள்ள விரும்பினால் தொடர்ந்து படியுங்கள்.

வெப்பநிலை இரண்டு இடங்களில் கைவைக்கிறது. ஒன்று எலக்ட்ரோடில், மற்றொன்று கரைசலிலேயே. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பமும் பிறக்கிறது.

முதலில் எலக்ட்ரோடு. கண்ணாடி எலக்ட்ரோடு நமக்குத் தருவது பிஹெச் இல்லை, மில்லிவோல்ட். பிஹெச் 7ஐ ஒட்டி அது ஏறக்குறைய பூஜ்யம் தரும். அங்கிருந்து ஒவ்வோர் அலகு நகரும்போதும் 25 டிகிரியில் 59.16 மில்லிவோல்ட் மாறும். இந்தச் சாய்வு வெப்பநிலையோடு ஏறும். 60 டிகிரியில் 66.1, 90 டிகிரியில் ஏறக்குறைய 72. மீட்டருக்கு வெப்பநிலை தெரிந்தால்தான் எந்த எண்ணால் வகுப்பது என்று அதற்குத் தெரியும். தானியங்கி வெப்பநிலை ஈடு, அதாவது ஏடிசி என்று எல்லோரும் சொல்வது, செய்கிற வேலை இது ஒன்றுதான். வகுக்கும் எண்ணை மாற்றுகிறது, அவ்வளவே. 88 டிகிரிக் கரைசல் 25 டிகிரியில் எவ்வளவு காட்டும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் உங்கள் தொட்டியில் என்னென்ன கரைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இப்போது கரைசல். சுத்தமான தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் அதன் நடுநிலைப் புள்ளி பிஹெச் 7.0. 60 டிகிரியில் 6.5. 100 டிகிரியில் 6.1 சுமார். தண்ணீர் அமிலமாகிவிடவில்லை, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சில் அயனியும் சம அளவில்தான் கூடியிருக்கின்றன. சூட்டில் தண்ணீர் அதிகம் பிரிகிறது, நடுநிலை என்ற புள்ளியே கீழே இறங்கிவிட்டது. சூடான தொட்டியில் 6.5 என்று பார்த்தவுடன் ‘லேசாக ஆசிட் ஆகிவிட்டது’ என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

உப்புகளும் சேர்மங்களும் நிறைந்த தொட்டியில் இது இன்னும் சிக்கலாகும். அம்மோனியம் அயனி சூட்டில் தன் ஹைட்ரஜனை எளிதாக விட்டுக்கொடுக்கும். நிக்கல், இரும்பு போன்ற உலோக அயனிகள் சூட்டில் தண்ணீரோடு அதிகம் வினைபுரிந்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். இவை இரண்டும் பிஹெச்சைக் கீழே இழுக்கும். கந்தக அமிலத்திலிருந்து வரும் பைசல்பேட் அயனி இதற்கு நேர் எதிர். 25 டிகிரியில் அதன் பிகே மதிப்பு 2ஐ ஒட்டி இருக்கும், 100 டிகிரியில் 3ஐ ஒட்டி ஏறிவிடும். அதாவது சூட்டில் பைசல்பேட் தன் ஹைட்ரஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சல்பேட் மிகுந்த கரைசலைச் சூடாக்கினால், ஒரு சொட்டு அமிலம்கூடச் செலவாகாமலே பிஹெச் ஏறும். துத்தநாக ஆலைகளில் ஜரோசைட் முறையில் இரும்பைப் பிரிக்கும் தொட்டிகள் 95 டிகிரியில், பிஹெச் 1.5ஐ ஒட்டி ஓடுகின்றன. அங்கே சூட்டில் எடுத்த எண்ணையும் ஆய்வகத்தில் ஆறிய மாதிரியின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘மீட்டர் பொய் சொல்கிறது’ என்று சண்டை போட்டால் அதற்கு முடிவே வராது.

ஆக, உங்கள் 4.6க்கும் 4.8க்கும் நடுவில் இருக்கும் 0.2 பிழையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 88 டிகிரியில் அந்தக் கரைசல் நிஜமாகவே 4.6, 25 டிகிரியில் நிஜமாகவே 4.8. ஒரே ஆளுக்குக் காலையில் ஓர் எடை, சாப்பிட்ட பிறகு ஓர் எடை இருப்பதைப் போல.

பிழையாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலை உணரி எங்கே இருக்கிறது என்பதை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆலையில் இதே மாதிரி எலக்ட்ரோலெஸ் நிக்கல் தொட்டி. அங்கிருந்த மீட்டரில் பிஹெச் எலக்ட்ரோடு ஒரு கம்பி, வெப்பநிலை உணரி தனிக் கம்பி. ஒருநாள் உணரி கொக்கியிலிருந்து நழுவி, தொட்டிக்கு வெளியே காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. மீட்டர் 30 டிகிரி என்று நினைத்துக்கொண்டு 90 டிகிரிக் கரைசலைக் கணக்கிட்டது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். உண்மையான பிஹெச் 4.8 என்றால் 7லிருந்து 2.2 அலகு கீழே. 90 டிகிரியில் எலக்ட்ரோடு 158 மில்லிவோல்ட் தரும். அதை 30 டிகிரிக்கான 60.15ஆல் வகுத்தால் 2.63, மீட்டர் 4.37 காட்டும். ‘பிஹெச் இறங்கிவிட்டது’ என்று நாங்கள் அம்மோனியாவை ஊற்றினோம். மீட்டர் 4.8 காட்டும்வரை ஊற்றினோம். அப்போது தொட்டியின் உண்மையான பிஹெச் 5.16ஐத் தொட்டிருக்கும். படியும் வேகம் கூடியது, எல்லோருக்கும் முதலில் சந்தோஷம்தான். சாயங்காலத்துக்குள் கரைசல் கலங்கியது, வெள்ளையாக நிக்கல் பாஸ்பைட் மிதந்தது, பூச்சில் பாஸ்பரஸ் அளவு குறைந்துபோனது. ஒரு தொட்டிக் கரைசலையும் கீழே ஊற்ற வேண்டியதாயிற்று. மீட்டரில் பழுது ஒன்றுமே இல்லை.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பிஹெச்சைப் பார்ப்பதற்கு முன் மீட்டர் காட்டும் வெப்பநிலையைப் பார்ப்பேன். அது தொட்டியின் தெர்மாமீட்டரோடு ஒத்துப்போகவில்லை என்றால் பிஹெச்சைப் படிக்கவே மாட்டேன். மனக்கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன்: வெப்பநிலையில் ஒவ்வொரு டிகிரி தவறுக்கும், பிஹெச் 7லிருந்து எத்தனை அலகு தள்ளி இருக்கிறதோ அதை 0.003ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். தோராயம்தான், ஆனால் பிழையின் அளவைக் கையில் பிடித்துக் காட்டும். பிஹெச் 7ஐ ஒட்டிய கரைசலில் வெப்பநிலை எவ்வளவு தவறினாலும் எண் பெரிதாக மாறாது என்பதும் இதிலிருந்தே தெரியும். குழாய்த் தண்ணீரில் சோதித்துவிட்டு ‘ஏடிசி நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பதும்.

சரி, சூட்டில் அளப்பதா, ஆறவைத்தா? தொட்டிக்கு ரசாயனம் தருபவர்கள் கொடுத்த குறிப்பேட்டில் ‘பிஹெச் 4.6 முதல் 5.0’ என்று இருந்தால் அது எந்த வெப்பநிலையில் என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். எலக்ட்ரோலெஸ் நிக்கலுக்குப் பெரும்பாலும் அறை வெப்பநிலையில் அளந்த எண்ணைத்தான் தருவார்கள். அப்படியிருக்க நீங்கள் சூட்டில் அளந்து அந்த வரம்புக்குள் வைத்திருந்தால், தொட்டி 0.2 தள்ளி ஓடுகிறது. 0.2 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் பிஹெச் மடக்கை அளவு, 0.2 என்றால் ஹைட்ரஜன் அயனியின் செயல்பாட்டில் (கரைசலில் அது உண்மையில் எவ்வளவு வலுவாக வேலைசெய்கிறது என்பதில்) 58 சதவீத வித்தியாசம். இந்தத் தொட்டியில் நிக்கல் படியப் படிய ஹைட்ரஜன் அயனி வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும், பிஹெச் தானாகவே இறங்கும். படிவு வேகமும் பாஸ்பரஸ் சதவீதமும் இரண்டுமே அந்த எண்ணைப் பிடித்துத் தொங்குகின்றன. அதனால் இங்கே 0.1ஐக்கூட அலட்சியமாக விட முடியாது.

ஆறவைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். திறந்த பீக்கரில் அரை மணி நேரம் ஆறவிட்டால் நீர் ஆவியாகும், அம்மோனியா உள்ள கரைசலில் அம்மோனியாவும் போகும். மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து, குழாய்த் தண்ணீரில் வைத்துச் சுழற்றினால் சில நிமிடங்களில் 25 டிகிரிக்கு வந்துவிடும். அனோடைஸ் செய்த அலுமினியத்தைக் கொதிநீரில் சீல் செய்யும் தொட்டி ஒரு தனி ரகம். 96 டிகிரிக்கு மேல், பிஹெச் 5.5 முதல் 6.5, அதிலிருப்பது கிட்டத்தட்ட சுத்தமான தண்ணீர். பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு எண் கண்ணெதிரே இறங்கும். அதற்கு மூடிய பாட்டில் கட்டாயம். மின்சாரத்தால் நிக்கல் பூசும் வாட்ஸ் கரைசலில் போரிக் அமிலம் அதிகமாக இருந்தால் ஆறும்போது படிகமாக அடியில் விழும், அதையும் கவனிக்க வேண்டும். வினை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கரைசல்கள் இருக்கின்றன, மேலே சொன்ன ஜரோசைட் மாதிரி. அவற்றில் எடுத்த நேரத்துக்கும் அளந்த நேரத்துக்கும் நடுவிலேயே பிஹெச் மாறிவிடும். அந்த மாதிரி இடங்களில் மட்டும்தான் சூட்டிலேயே, குழாயிலேயே அளப்பதற்கு நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

சூட்டில்தான் அளக்க வேண்டும் என்றால் காலிபரேஷனும், அதாவது பிஹெச் தெரிந்த பஃபர் கரைசலில் மீட்டரைச் சரிபார்த்து அமைப்பதும், அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். பஃபர் பாட்டிலில் எழுதியிருக்கும் எண் 25 டிகிரிக்கு உரியது. தாலேட் பஃபர் 25 டிகிரியில் 4.01, 60 டிகிரியில் 4.09, 90 டிகிரியில் 4.2ஐத் தொடும். போராக்ஸ் பஃபர் 9.18லிருந்து 60 டிகிரியில் 8.96க்கு இறங்கும். பாஸ்பேட் பஃபர் நல்ல பிள்ளை, 6.86லிருந்து 6.84, அவ்வளவுதான். பல மீட்டர்கள் இந்த அட்டவணையை உள்ளேயே வைத்திருக்கும், ஆனால் அவற்றிலும் ‘எந்த வகை பஃபர்’ என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பஃபரை மூடிய பாட்டிலில் தொட்டியின் சூட்டுக்கு அருகில் கொண்டுவந்து, எலக்ட்ரோடை அதில் சில நிமிடம் ஊறவிட்டு, பிறகு காலிபரேஷன் செய்யுங்கள். சூடாக்கிய பஃபரைத் திரும்ப ஊற்றி வைக்காதீர்கள்.

அறைச் சூட்டில் காலிபரேஷன் செய்துவிட்டு நேரே 90 டிகிரியில் இறக்கினால் என்ன? ஏடிசி சாய்வைச் சரிசெய்துவிடும். ஆனால் எலக்ட்ரோடு பூஜ்யம் தரும் புள்ளி சரியாக 7இல்தான் இருக்கும் என்று அது நம்புகிறது. நிஜ எலக்ட்ரோடில், அதுவும் கொஞ்சம் பழசானதில், அது விலகியிருக்கும். அந்த விலகல் சூட்டில் பெரிதாகும். 0.1 அலகு வரை தவறு வந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

இனி எலக்ட்ரோடு ஏன் சாகிறது என்பதற்கு வருகிறேன். மூன்று வாரம் என்பது 88 டிகிரியில் அப்படி ஒன்றும் அநியாயமான ஆயுள் இல்லை. அறைச் சூட்டில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும் எலக்ட்ரோடு, 60, 70 டிகிரியில் மாதக்கணக்குக்கும் 90ஐத் தாண்டினால் வாரக்கணக்குக்கும் சுருங்குவது வழக்கம்தான்.

பலரும் கண்ணாடிக் குமிழைத்தான் சந்தேகப்படுவார்கள். என் அனுபவத்தில் முதலில் போவது ரெஃபரன்ஸ் பக்கம், அதாவது ஒப்பிடுவதற்காக மாறாத மின்னழுத்தம் தரும் பாதி. உள்ளே வெள்ளிக் கம்பி, அதன்மேல் சில்வர் குளோரைடு பூச்சு, சுற்றிலும் கெட்டியான பொட்டாசியம் குளோரைடு கரைசல். சூடு ஏறினால் அந்த சில்வர் குளோரைடு கரையும். ஆறும்போது திரும்பப் படியும், ஆனால் கம்பியின் மீது மட்டும் இல்லை, ஜங்ஷனின் (உள்திரவம் வெளிக்கரைசலைத் தொடும் இடம்) நுண் துளைகளிலும். துளை அடைபட்டால் ரீடிங் தள்ளாடும், மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். பாதரசச் சேர்மம் வைத்த கலோமல் ரெஃபரன்ஸ் இதைவிட மோசம். 60, 70 டிகிரிக்கு மேல் அதைப் பயன்படுத்தவே கூடாது.

இதைவிடத் தந்திரமான ஒரு கொலைகாரன் இருக்கிறான். எலக்ட்ரோடைச் சூடான தொட்டியில் இறக்கும்போது உள்ளிருக்கும் திரவம் விரிந்து ஜங்ஷன் வழியாகக் கொஞ்சம் வெளியேறும். தூக்கிக் குளிரவிட்டால் சுருங்கும்; அப்போது ஜங்ஷனில் ஒட்டியிருக்கும் தொட்டிக் கரைசலை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாளைக்குப் பத்து முறை இறக்கி ஏற்றினால் எலக்ட்ரோடு பத்து முறை மூச்சுவிட்டு, பத்து முறை உங்கள் பாத்தைக் குடிக்கிறது. நிக்கல் தொட்டியில் கரைசல் சிதையாமல் நிலைநிறுத்துவதற்காகச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களும், வேறு தொட்டிகளில் சல்பைடும் சயனைடும் உள்ளே போய் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். ஜங்ஷன் கறுத்துப்போயிருந்தால் அது சில்வர் சல்பைடு என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தடுக்க இரட்டை ஜங்ஷன் உள்ளதை வாங்குங்கள். தொடர்ந்து சூட்டிலேயே இருக்க வேண்டுமென்றால், உள்திரவத்துக்கு லேசான அழுத்தம் கொடுத்து எப்போதும் வெளிநோக்கியே கசியும்படி அமைத்த வகை இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் உறிஞ்சும் சிக்கல் அதில் இல்லை.

கண்ணாடியும் சும்மா இல்லை. சூடான காஸ்டிக் கரைசல் கண்ணாடியைக் கரைக்கும். அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு: சோடியம் மிகுந்து, பிஹெச் 12ஐத் தாண்டி, சூடும் சேர்ந்தால் கண்ணாடி சோடியத்தையும் ஹைட்ரஜன் என்று எண்ணிக்கொண்டு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கான நைட்ரிக்–ஹைட்ரோபுளோரிக் கலவையில், 50, 60 டிகிரியில், கண்ணாடிக் குமிழ் அரிபட்டுப் போகும். ஆன்டிமனி எலக்ட்ரோடு புளோரைடைத் தாங்கும் என்று விளம்பரத்தில் இருக்கும், உண்மைதான்; ஆனால் ஆக்சிஜனேற்றும் கரைசலில் அது தடுமாறும், நைட்ரிக் அமிலம் அதைத்தான் செய்கிறது. ஆகவே அந்தத் தொட்டியில் அதுவும் உதவாது.

எலக்ட்ரோடு வாங்குவதில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு. ‘உயர் வெப்பநிலை’ என்று எழுதிய எலக்ட்ரோடை அதிக விலை கொடுத்து வாங்குவார்கள், பிறகு ஆறவைத்த மாதிரியில் அளப்பார்கள். சூட்டைத் தாங்கும் கண்ணாடிக்கு அறை வெப்பநிலையில் மின்தடை மிக அதிகம். ரீடிங் நிலைக்குவர நிமிடக்கணக்கில் ஆகும், பொறுமையில்லாதவர் பாதியிலேயே எண்ணை எழுதிவிடுவார். ஆறவைத்து அளப்பதென்று முடிவெடுத்தால் சாதாரணக் கண்ணாடியே போதும், அதுவே வேகமானது.

மின்சாரம் பாயும் பிளேட்டிங் தொட்டிகளில் இன்னொரு விஷயம். தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையர் ஓடும்போது எலக்ட்ரோடைத் தொட்டிக்குள் விட்டால் கரைசலில் இருக்கும் மின்னழுத்தம் ரீடிங்கோடு கலந்துவிடும். ரெக்டிஃபையரை நிறுத்தியவுடன் எண் குதித்தால் காரணம் இதுதான். பீக்கரில் எடுத்து அளந்தால் இந்தத் தலைவலியும் இல்லை.

பிஹெச் காகிதம் பற்றியும் ஒரு வரி. அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் கெட்டியான நிக்கல் கரைசலில் உப்பின் அளவே சாயத்தின் நிறத்தைப் பாதிக்கும்; காகிதம் மீட்டரைவிட அரை அலகு வரை உயர்த்திக் காட்டும். போதாக்குறைக்குக் கரைசலே பச்சை.

இப்போது பிக்ளிங் தொட்டி. இங்கே கேள்வியே மாறுகிறது. உங்களுக்குத் தெரிய வேண்டியது பிஹெச்சா, அல்லது எவ்வளவு அமிலம் மிச்சம் இருக்கிறது என்பதா? இரண்டாவதுதான். அதற்குப் பிஹெச் மிக மோசமான அளவுகோல்.

கணக்கைப் பாருங்கள். அமிலம் 15 சதவீதத்திலிருந்து 12க்கு இறங்கினால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால், பிஹெச் மாறுவது தோராயமாக 0.1 மட்டுமே. அந்தச் சூட்டில், அந்த அமிலத்தில், உங்கள் மீட்டரின் தள்ளாட்டமே அதைவிட அதிகம். அதுமட்டுமல்ல. பிஹெச் அளப்பது செறிவை இல்லை, செயல்பாட்டை. ஹைட்ரோகுளோரிக் பிக்ளிங்கில் இரும்பு குளோரைடு கூடக் கூட, மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் அயனியின் செயல்பாடு கூடிவிடும். அமிலம் தீர்ந்துகொண்டிருக்கும்போதும் மீட்டர் ‘எல்லாம் நலம்’ என்று காட்டிக்கொண்டிருக்கும். கந்தக அமிலத்தில் பைசல்பேட்டின் விளையாட்டும் சேர்ந்துவிடும். 1909இல் சோரன்சன் கோபன்ஹேகனில் ஒரு மதுபான ஆலையின் ஆய்வகத்தில் இந்த அளவுகோலை உருவாக்கினார். 1934இல் பெக்மன் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத் தன் மீட்டரைச் செய்தார். இரண்டு பேர் மனதிலும் 70 டிகிரிச் சூட்டில் ஓடும் ஆசிட் தொட்டி இருந்திருக்காது. நீர்த்த கரைசலுக்குப் பிறந்த அளவு அது.

டைட்ரேஷன் செய்யுங்கள், அதாவது செறிவு தெரிந்த காரத்தை நிறம் மாறும்வரை விட்டு அமிலத்தை அளப்பது. 5 மில்லி மாதிரி, 100 மில்லி குளிர்ந்த தண்ணீர், சில சொட்டு மெத்தில் ஆரஞ்சு, பியூரெட்டில் 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. சிவப்பு மறைந்து மஞ்சளுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். 15 மில்லி செலவானால்: 15ஐ 49ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 147, லிட்டருக்கு 147 கிராம் கந்தக அமிலம். பினால்ப்தலீன் போட்டுவிடாதீர்கள். அதன் நிறம் மாறுவதற்கு முன்பே இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிந்து காரத்தைத் தின்னும். இல்லாத அமிலத்தை இருப்பதாக எழுதி வைப்பீர்கள். பிக்ளிங்கில் இரும்பு பெரும்பாலும் பெரஸ் நிலையில் இருப்பதால் மெத்தில் ஆரஞ்சு தப்பிக்கிறது. பெரிக் இரும்பு மிகுந்த கரைசல்களில் அதுவும் போதாது. அங்கே இரும்பைக் கட்டிப்போட ஒரு சேர்மத்தை முதலில் சேர்த்துவிட்டுத்தான் டைட்ரேஷன் செய்ய வேண்டும்.

துரு மெதுவாகப் போவதற்கு அமிலம் குறைந்தது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கரைந்த இரும்பு சேர்ந்துகொண்டே போனால், அமிலத்தை ஊற்றி ஊற்றி நிரப்பினாலும் கந்தக அமிலத் தொட்டி வேகம் இழக்கும். அதனால் அமிலத்தோடு இரும்பையும் அளந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெரஸ் இரும்புக்குப் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் போதும். ஹைட்ரோகுளோரிக்கில் அது குளோரைடையும் தொடும் என்பதால் டைகுரோமேட் நல்லது.

உலோகத்தின்மேல் பாஸ்பேட் படலம் ஏற்றும் பாஸ்பேட்டிங் ஆட்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவானவர்கள். அவர்கள் பிஹெச்சைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ‘பாயின்ட்’ என்றுதான் பேசுவார்கள். 10 மில்லி மாதிரி, 0.1 நார்மல் காஸ்டிக். புரோமோபினால் நீலம் மாறும்வரை செலவான மில்லி தனி அமிலம், பினால்ப்தலீன் மாறும்வரை செலவானது மொத்த அமிலம். இரண்டுக்கும் உள்ள விகிதமே தொட்டியின் உடல்நிலை. துத்தநாக பாஸ்பேட் தொட்டியைத் தேவைக்கு மேல் சூடாக்கிவிட்டால் பாஸ்பேட் சகதியாக அடியில் விழுந்து, தனி அமிலம் ஏறும். ஆறவைத்தாலும் முழுதாகத் திரும்பாது. அந்த மாதிரியை வடிகட்டாமல் டைட்ரேஷன் செய்தால் சகதியும் கணக்கில் வந்துவிடும்.

இரும்பைக் கறுப்பாக்கும் காஸ்டிக் தொட்டி இன்னும் ஒரு படி மேல். 140 டிகிரியில் கொதிக்கும் காரத்தில் எந்த எலக்ட்ரோடை இறக்குவது? யாரும் இறக்குவதில்லை. கொதிநிலைதான் அங்கே அளவுகோல். கொதிக்கும் சூடு வரம்பைத் தாண்டினால் தண்ணீர் சேர்ப்பார்கள், குறைந்தால் கறுப்பாக்கும் உப்பு சேர்ப்பார்கள். ஒரு தெர்மாமீட்டரால் செறிவை அளக்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரு தொழிற்கூடத்தில் பார்க்கக்கூடிய மிக அழகான அளவீடு அதுதான்.

பிக்ளிங்கில் நாள் முழுதும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றால் மின்கடத்துதிறன் மீட்டர் வையுங்கள், உலோகத் தகடு வைத்ததை இல்லை, சுருள் வகையை. அதில் கரைசலைத் தொடுவது பிளாஸ்டிக் மட்டுமே. ஹைட்ரஜன் அயனி மற்ற அயனிகளைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அமிலம் குறைவது அதில் பளிச்சென்று தெரியும். இரண்டு எச்சரிக்கைகள். கந்தக அமிலத்தில் 30 சதவீதத்தை ஒட்டியும் ஹைட்ரோகுளோரிக்கில் 20 சதவீதத்தை ஒட்டியும் கடத்துதிறன் உச்சத்தைத் தொட்டுத் திரும்பும். செறிவு அந்த உச்சிக்குக் கீழே இருக்கும்வரைதான் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. அப்புறம், இரும்பு ஏறும்போது அதே அமிலத்துக்கும் கடத்துதிறன் இறங்கும். ஆகையால் தினமும் ஒரு டைட்ரேஷனோடு அதை ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஷிஃப்டு தொடங்கும்போது ஒன்று, அவ்வளவு போதும்.

எப்போதாவது புளோரைடு உள்ள தொட்டியில் மாதிரி எடுக்க நேர்ந்தால் பீக்கர், பிப்பெட் எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், கையுறையும் முகமூடியும் போட்ட பிறகே மூடியைத் திறவுங்கள், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஹைட்ரோபுளோரிக் தோலில் பட்டால் உடனே வலிக்காமல் போகலாம், அதுதான் ஆபத்து.